ஒத்திகையில் சொன்னது

மார்ச் 4, திங்கள்

காலை முழுவதும் இணையவழி வகுப்பு. தலைப்பு: உலக வணிகத்தில் நெறிமுறை ஏன் முக்கியம். எங்கள் தொழிற்சாலையின் காலணிகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை இதை அனுப்பிவைக்கும். அதிகாரிகள் எல்லாரும் பார்த்தே ஆக வேண்டும். திரையில் ஒரு பெண் சிரித்த முகமாகப் பேசிக்கொண்டே போகிறாள், நடுநடுவே கேள்வி கேட்கிறாள். நாலு விடையில் எது நீளமோ அதுதான் சரி. வருஷா வருஷம் பார்க்கிறேன், மாறவே இல்லை. இந்த முறையும் எனக்கு முழு மதிப்பெண்.

பாதியில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். கீழே ஒட்டும் பிரிவிலிருந்து மஞ்சள் பசையின் நெடி மாடிவரை வந்துவிட்டது. சாத்திவிட்டு வந்து, தொழிலாளியின் உடல்நலம் என்ற பாடத்தைத் தொடர்ந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது.

மகளுக்கு டைபாய்டு என்று மூன்று வாரம் விடுப்பில் இருந்துவிட்டு இன்றுதான் வேலைக்கு வந்தேன். இத்தனை நாள் வெளியே தன் கொட்டகையில் எங்களுக்காக மஞ்சள் பசை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தொகுதி ஆட்களை ஒப்பந்தக்காரர் இங்கே ஒட்டும் பிரிவில் புதிதாகச் சேர்த்திருக்கிறார். ஒரு முகமும் தெரியவில்லை. தொழிலாளர் நல அலுவலர் என்று அறை வாசலில் பலகை மட்டும் பளபளவென்று தொங்குகிறது.

மார்ச் 5, செவ்வாய்

தொழிற்சாலை விதிப்படி நடக்கிறதா என்று தணிக்கை செய்ய வெளிநாட்டு ஆடிட்டர் 26ஆம் தேதி வருகிறார். வியாழக்கிழமை ஒத்திகை. ஆடிட்டர் வேஷம் வழக்கம்போல எனக்குத்தான். ஆங்கிலம் வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பொதுமேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "உங்க முகத்தப் பாத்தாலே தப்பு கண்டுபிடிக்க வந்த மாதிரிதான் இருக்கு மேடம்." வீட்டில் சொன்னேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், கழற்றிப் போட்டிருந்த மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமலே, அதைக் கல்யாணமான வருஷமே தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்.

ஒத்திகை என்றால், தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆடிட்டர் கேட்கும் கேள்விகளை நான் கேட்பேன். சொல்லிக்கொடுத்தபடி அவர்கள் பதில் சொல்ல வேண்டும். உளறுகிறவர்கள் யார் என்று நான் சொன்னால், தணிக்கை நாளன்று அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலி ஆளாக இருந்தால் அந்த விடுமுறை அதற்குப் பிறகு முடிவதே இல்லை.

முக்கியமான கேள்வி பசையைப் பற்றியதுதான். வாங்கும் கம்பெனியின் விதிப்படி வெள்ளைப் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். அது தண்ணீரில் கரைவது, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் காய நேரம் எடுக்கும். மஞ்சள் பசை பூசியதும் பிடிக்கும். அதன் நெடிதான் ஆகாது. சில வருஷம் முன்பு அதே கம்பெனியின் கொள்முதல் பிரிவு, ஆறு வாரத்தில் கேட்ட சரக்கை நாலு வாரத்தில் கேட்டது. அங்கே ஒரே கட்டிடத்தில் ஒரு மாடிக்காரர்கள் வெள்ளைப் பசை என்கிறார்கள், அடுத்த மாடிக்காரர்கள் நாலே வாரம் என்கிறார்கள். இரண்டு மாடிக்கும் நடுவே படிக்கட்டு கட்ட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனவே இங்கே வருஷம் முழுக்க மஞ்சள் பசை. தணிக்கை அன்று மட்டும் மஞ்சள் பீப்பாய்களை லாரியில் ஏற்றிப் புறவழிச்சாலையில் சுற்ற விட்டுவிடுவோம், சாயங்காலம்தான் திரும்பி வரும். லாரி டிரைவருக்கு அது சுற்றுலா மாதிரி. இந்த வருஷமும் தன்னையே அனுப்பச் சொல்லி இப்போதே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 7, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஒத்திகைக்காக அலமாரியிலிருந்த சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வந்தார்கள், ஒப்பித்தார்கள், போனார்கள். பழைய ஆட்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல், தலையை இறுக்கித் துணியால் கட்டிய ஒரு பெண் வந்தாள். முண்டாசு என்றுதான் பிரிவில் அவளைக் கூப்பிடுகிறார்களாம். நெடி தாங்காமல் மண்டையைப் பிளக்கிறது, அதனால் கட்டு. அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தலாமா என்று கேட்டாள். சாத்திவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"இங்க பேசறது வெளிய போகாதுல்ல மேடம்?"

போகாது என்றேன். ஆடிட்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"எனக்குக் கால் இருக்கறதே தெரியல மேடம். முந்தாநாள் வீட்டுக்குப் போற வழியில ஒரு செருப்பு கழண்டு விழுந்துடுச்சு. பின்னால வந்தவங்க கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரியுது. செருப்புக் கம்பெனியில வேலை பாக்கறவளுக்கு, செருப்பு போனது தெரியல." அவளே கொஞ்சம் சிரித்துக்கொண்டாள். விரல் நுனிகளும் மரத்துப் போகின்றனவாம். பிரஷ் கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாளாம்.

எந்தப் பசை என்று கேட்டேன். கேள்வி வரிசையில் அடுத்தது அதுதான்.

"மஞ்சப் பசை. வெள்ளைன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. ஆனா நீங்க இதுக்குன்னே அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. உங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் என்னை உண்மையான ஆடிட்டர் என்றே நினைத்துவிட்டாள். இவள் சேரும்போது நான் விடுப்பில் இருந்தேன், என்னைப் பார்த்ததே இல்லை. இன்று ஒத்திகை என்று காலையில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னபோது இவள் அங்கே இல்லை. ஏன் என்று பிறகு மேஸ்திரியிடம் விசாரித்தேன். குழாயடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாளாம்.

நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன், இது ஒத்திகை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "குறிச்சுக்கிட்டேன், பார்க்கிறோம்" என்றேன். இதையும் ஆடிட்டர்கள்தான் சொல்வார்கள். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 8, வெள்ளி

வேஷம் போட்டது நான். அதைக் கும்பிட்டது அவள்.

மார்ச் 11, திங்கள்

பொதுமேலாளர் கூப்பிட்டார். யாருக்கெல்லாம் விடுமுறை கொடுக்க வேண்டும் என்று கேட்டார். யாருக்கும் வேண்டாம், எல்லாரும் ஒழுங்காகச் சொன்னார்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். புதுசுங்க கூடவா? ஆமாம், புதுசுங்க கூடத்தான்.

அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே படியிறங்கினேன். பாதிப் படியில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? நான் நினைத்தது இதுதான்: 26ஆம் தேதி உண்மையான ஆடிட்டர் வருவார், இவள் அவரிடமும் இதையே சொல்வாள், எல்லாம் தானாக வெளியே வந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அவள் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டுக் கை வீசி நடந்துவர ஆசைப்பட்டிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் வேலை போனால் யார் எனக்கு இன்னொரு வேலை தருவார்கள்? மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருஷம் இது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அவளுக்கும் இதே காரணங்கள் இருக்கும் என்பதுதான் இடிக்கிறது.

மார்ச் 14, வியாழன்

நடைபாதையில் எதிரே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக, "அங்க சொல்லிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கம்பெனி என்னை இங்கேயே இருந்து கவனிக்கும்படி அனுப்பியிருப்பதாக நினைக்கிறாள். வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஆள் இன்னும் இங்கே சுற்றிக்கொண்டிருந்தால் வேறு என்னதான் நினைப்பாள்.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்ப்போம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மார்ச் 18, திங்கள்

பொதுமேலாளரிடம் போய், ஒட்டும் பிரிவுக்கு நெடியை வெளியே தள்ள இன்னும் நாலு காற்றுப்போக்கிகள் வேண்டும், ஆட்களை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். அவளைப் பற்றிச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். நான் என்ன மனுஷன் இல்லையா? ஆனா வெள்ளைப் பசைக்குப் போனா நாலு வாரத்துல சரக்கு போகாது. போகலேன்னா அவன் ஒரு வார்த்தை கேக்க மாட்டான், அடுத்த நாட்டுல போய் ஆர்டரைக் கொடுத்துட்டுப் போயிடுவான். அங்க இதைவிட மோசமான பசை இருக்கும்."

நானும் அதையேதான் எனக்குள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே இருப்பவரும் எங்களைக் காட்டி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டிக்கொண்டே போனால் கடைசியில் யார்தான் அந்தப் பசையை வாங்கி வைக்கிறார்கள்?

டாக்டர் விஷயத்தைத் தணிக்கை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மார்ச் 24, ஞாயிறு

வெளிநாட்டில் இருக்கும் அக்கா போன் செய்தாள். தள்ளுபடியில் புது ஷூ வாங்கியிருக்கிறாளாம். பெட்டியின் மேல் பச்சை இலை படம் போட்டு, யாரையும் வருத்தாமல் செய்தது என்று அச்சடித்திருக்கிறதாம். உங்க ஊர்ச் சரக்காத்தான் இருக்கும், நீ செஞ்சதா நினைச்சுப் போட்டுக்கறேன் என்று சிரித்தாள். அந்தப் பேச்சை மாற்றி மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அக்கா மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? அவள் என்ன செய்தாள், பெட்டியில் போட்டிருந்ததை நம்பினாள்.

மார்ச் 26, செவ்வாய்

லாரி விடிந்ததும் கிளம்பிவிட்டது. வெள்ளைப் பசை டப்பாக்களைப் பிரித்து மேஜைதோறும் வைத்தார்கள். நெடியை மறைக்க நேற்றே ஜன்னல்களைத் திறந்து போட்டுத் தரையைக் கழுவியாகிவிட்டது. புது முகமூடிகள் வேறு.

உண்மையான ஆடிட்டர் வந்தார். சின்னப் பெண். நம் மொழி தெரிந்தவள்தான், வெளிநாட்டிலேயே வளர்ந்தவளாம். இந்த வாரத்தில் இது மூன்றாவது தொழிற்சாலை. பாவம், கடும் ஜலதோஷம் வேறு. வந்ததும் வெந்நீர் கேட்டாள். எந்த வாசனையும் அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் எனக்கு, மாட்டமாட்டோம் என்றுதான் தோன்றுகிறது.

கூப்பிட வேண்டிய ஆட்களை அவளே பார்த்துப் பொறுக்கினாள். முண்டாசைக் காட்டினாள். நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சொல்லிடும்மா, சொல்லிடு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். கோயில் வாசலில்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் முண்டாசு வெளியே வந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. சொல்லிவிட்டாள் என்றே நினைத்தேன். என்னைக் குழாய்ப் பக்கம் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள். பின்னாலேயே போனேன்.

"சரியா சொல்லிட்டேன் மேடம். வெள்ளைப் பசைதான்னு சொன்னேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

ஏன் என்று கேட்டேன்.

போன வாரம்தான் மற்றவர்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், நான் ஆபீஸ் மேடம்தான், அன்று நடந்தது ஒத்திகை என்று. கேலி செய்து ஒரு வழி பண்ணிவிட்டார்களாம். இரண்டு நாள் வேலை போகப்போகிறது என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். போகவில்லை.

"நீங்க நெனச்சிருந்தா அன்னைக்கே என்னை அனுப்பியிருக்கலாம். காட்டிக் குடுக்காம இருந்தீங்க. அதுக்கு நான் பதிலுக்கு எதாவது செய்யணும்ல?"

நன்றிக்கடனாம். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொள்ள வந்தாள், பிடி தளர்ந்து நழுவியது, மறுபடி பிடித்துக்கொண்டாள்.

மதியம் நிறைவுக் கூட்டம். ஆடிட்டர் திருப்தி என்றாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, நல அலுவலர் எதாவது சேர்த்துச் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். பொதுமேலாளர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். இல்லை என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 27, புதன்

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

நல்ல தரம் என்று சான்று வந்துவிட்டது. கேக் வெட்டினார்கள். கொள்முதல் பிரிவிலிருந்தும் வாழ்த்து வந்தது. கூடவே அடுத்த ஆர்டரும் வந்தது, அதையும் நாலு வாரத்தில் கேட்கிறார்கள்.

டாக்டரை வரவழைப்பது பற்றி ஞாபகப்படுத்தினேன். இந்தச் சரக்கு போகட்டும் மேடம் என்றார் பொதுமேலாளர். காற்றுப்போக்கி ஒன்று வந்திருக்கிறது. நாலு கேட்டேன். அந்த ஒன்றையும் மாட்ட ஆள் இன்னும் வரவில்லை.

முண்டாசு பிரஷ்ஷை அடிக்கடி கீழே போடுகிறாள் என்று மேஸ்திரி புகார். பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். அதுவரைக்கும்தான் என் அதிகாரம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஒரு வாரமாக அவளைக் காணவில்லை. மேஸ்திரியைக் கேட்டதற்கு, பெட்டி அடுக்குமிடத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள், ஒப்பந்தக்காரரே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார். எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஆள் என்பதால் எனக்குத் தகவல் தரவேண்டிய அவசியம் இல்லையாம். சட்டப்படி அவர் சொல்வது சரிதான்.

இரவு சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். மகள் முகத்தைச் சுளித்தாள். பிடிக்கலேன்னா எழுந்து போ என்று சம்பந்தமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னதான் உன் பிரச்சினை?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகையிலிருந்து ஆரம்பித்து. அவர் கேலி பேசாமல் கேட்டதை இன்றுதான் பார்த்தேன்.

"நீ அந்தப் பொண்ணைப் போய்ப் பாரு. வேலை போனா போகுது, கடையில போன் எடுக்க ஆள் இல்லாமதான் இருக்கேன். இப்படியே உள்ளயே வச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேர் மேலயும் விழுந்துக்கிட்டு இருக்காதே."

மே 5, ஞாயிறு

வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். ஒரே அறை. சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் புருஷன் கட்டில் மேலிருந்த துணியையெல்லாம் ஒதுக்கி, அங்கே உட்காருங்க மேடம், அங்கே உட்காருங்க என்று கெஞ்சினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். நரம்பு என்கிறார்களாம். என்ன பொருளைக் கையாண்டாள் என்று டாக்டர் கேட்கிறார், இவளுக்குத் தெரிந்தது மஞ்சள் பசை என்பது மட்டும். கம்பெனிக்கு போன் செய்து கேட்டதற்கு வெள்ளைப் பசைதான் பயன்படுத்துகிறோம், சான்று இருக்கிறது என்று பதில் வந்ததாம். அந்தச் சான்றுக்கு நானும்தானே கேக் சாப்பிட்டேன்.

பீப்பாயின் மேல் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றேன். உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம் என்றாள். அவள் அதை மனதாரச் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை.

மே 8, புதன்

விடுப்பு கேட்கவில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

நீளமான வரிசை. அவளை நானும் அவள் புருஷனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். டாக்டர் ஊசியின் பின்பக்கத்தால் அவள் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார், தெரியுதா, தெரியுதா என்று. கணுக்காலுக்கு மேலே போன பிறகுதான் தெரியுது என்றாள். பசையில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கிறது, வருஷம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியானால் எல்லாம் பொருந்துகிறது என்றார். திரும்பி வருமா என்று புருஷன் கேட்டார். பசையை விட்டாகிவிட்டது, ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் மோசமாகித்தான் அப்புறம் மெல்ல மெல்ல சரியாகும், முழுசாக வருமா என்று இப்போது சொல்லமுடியாது என்றார். ஆரம்பத்திலேயே நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் சொன்னார். டாக்டரின் கோபம் அவள் மேல் திரும்பியது.

"ஏம்மா, இவ்ளோ நாளா யார்கிட்டயும் சொல்லாமயா இருந்தே?"

"சொன்னேன் டாக்டர்."

"யார்கிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் மறுபடி கேட்டார். மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னமும் என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"என்கிட்டதான்" என்றேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது தொழிலால் வந்த நோய், தொழிலாளர் துறைக்கு எழுதியாக வேண்டும், எழுதினால் உங்கள் பெயரும் போகும், சம்மதமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். பெயரைச் சொன்னேன். அந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

தொழிலாளர் நல அலுவலர் என்றேன்.

சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.